பக்கத்து அறைக்குப் போன பெட்டி

ஆய்வுக்கூடங்களில் அவளுக்கு முட்டுக்கட்டை என்று பெயர். நேரில் யாரும் சொன்னதில்லை. கிருமியையோ மரபணு மாற்றிய செல்லையோ தொடுகிற எந்த ஆராய்ச்சியும் அந்தப் பல்கலைக்கழகத்தில் முதலில் அவள் மேஜையில் பதிவாக வேண்டும். எந்தக் கிருமி, எந்த அறை, யார் கை வைக்கப் போகிறார்கள் என்று பார்த்துப் பாதுகாப்புக் குழுவுக்கு அனுப்புவாள். பேராசிரியர்கள் பழைய விண்ணப்பத்தையே நகலெடுத்துத் தலைப்பை மட்டும் மாற்றுவார்கள். எப்போதோ வேலையை விட்டுப் போனவர் அதன் ஆள் பட்டியலில் இன்னும் கையுறையோடு நின்றுகொண்டிருப்பார். திருப்பி அனுப்பினால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார்கள். நாள் முழுக்க ஆய்வுக்கூடங்களை ஏறி இறங்கிப் பார்த்து, வீங்கிய காலோடு வீடு வந்து சேர்வாள்.

வீட்டில் இருப்பது தம்பி மட்டும். அதே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவன். பட்டத்துக்கான கடைசிச் சோதனையில் இருந்தான்.

“எங்க ரூம்ல ஏசி ஒழுகுதுக்கா. கேபினெட்ட அப்படியே பக்கத்து ரூமுக்குத் தள்ளிட்டோம்” என்றான் ஒருநாள், வாய் நிறையச் சாப்பாட்டோடு.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். வைரஸ் ஏற்றிய செல்கள் வளரும் தட்டுகளைத் திறந்து வேலை செய்கிற, காற்றை வடிகட்டும் பெட்டி அது. நகர்த்தினால் மறுபடி பரிசோதிக்காமல் தொடக் கூடாது. பதிவும் பழைய அறைக்குத்தான்.

“எப்போடா?”

“போன வாரம். ஏன், இப்போ நீ அக்காவா, ஆபீஸா?”

“ரெண்டுக்கும் ஒரே காதுதான்.”

“விட்டுடுக்கா. இன்னும் கொஞ்ச நாள்ல முடிஞ்சிடும். இப்போ நிறுத்தினா எல்லாத்தையும் கொட்டிட்டு மொதல்லேர்ந்து வரணும். ஆறு மாசம்!”

“அந்தப் பெட்டி காத்த உள்ள இழுக்குதா, உன் மூஞ்சில ஊதுதான்னு யாருக்குடா தெரியும்?”

அவன் தட்டோடு எழுந்து போனான்.

காலையில் அவளே குழுத் தலைவருக்கு எழுதினாள். வேலையை நிறுத்து, வளர்ந்துகொண்டிருக்கும் செல்களை அழி என்று மதியமே உத்தரவு வந்துவிட்டது. அழிக்கும்போது அலுவலக ஆள் ஒருவர் கூட நிற்க வேண்டும். அலுவலகத்தில் அவளை விட்டால் ஆள் இல்லை.

முகக்கவசத்தோடு அவன் பிளீச் கரைசலை ஊற்றினான். ரோஜா நிறத்தில் இருந்த தட்டுகள் ஒவ்வொன்றாக வெளுத்தன. நன்றாக ஊறும்வரை இருவரும் அங்கேயே இருந்தாக வேண்டும். இருந்தது ஒரே ஸ்டூல். அவன் அதைக் காலால் அவள் பக்கம் தள்ளினான். உட்கார்ந்தாள்.

“உங்க குழு எப்போ கூடுது?”

“செவ்வாய்க்கிழமை. அதுக்குள்ள விண்ணப்பம் குடு. பழசையே காப்பி அடிக்காத, ரூம் நம்பர மாத்து.”

“முட்டுக்கட்டை” என்றான் அவன், ஜன்னலைப் பார்த்தபடி.

ஸ்டூலை மட்டும் திருப்பிக் கேட்கவில்லை.