கெத்தூரா விழுந்த ஞாயிற்றுக்கிழமைகள்

ஹாலர் துறையின் கறுப்பர் சபையில் கெத்தூராவின் பெஞ்சுக்கு அருகில் யாரும் தொப்பியைக் கழற்றி வைக்க மாட்டார்கள். தெரியாமல் வைத்த ஒருவர் அதைத் தட்டு மாதிரி கையில் ஏந்திக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறார். பரிசுத்த ஆவி வந்தால் அவள் விழுவாள். எந்தப் பக்கம் விழுவாள் என்பது ஆவிக்கும் அவளுக்கும்தான் வெளிச்சம். ஒருமுறை பன்றிக் கொழுப்புப் பீப்பாய் நிறுக்கும் தராசில் விளையாட்டாக ஏறி நின்றாள். தராசுக்காரன் அதன்பிறகு அவளோடு பேசவில்லை.

அவள் துணி வெளுப்பவள். படகுத்துறை விடுதிகளின் படுக்கை விரிப்புகளை அடித்துத் துவைத்து, வெள்ளைக்காரப் பயணிகள் அவற்றில் என்னென்ன செய்தார்கள் என்று அறிந்து, அதனால் அவர்கள்மேல் பெரிய மரியாதை எதுவும் இல்லாமல் வாழ்ந்தவள். பிறந்தது ஒஹாயோ ஆற்றுக்கு அந்தப் பக்கம், கென்டக்கியில், இன்னொருவரின் சொத்தாக. இந்தக் கரைக்கு எப்படி வந்தாய் என்று கேட்டால், "நனைஞ்சுகிட்டே வந்தேன்" என்பாள். அதற்கு மேல் அவள் வாயைக் கிளறி எதையும் வாங்க முடியாது.

இந்தக் கரை சுதந்திரக் கரைதான், பேருக்கு. அடிமைத்தனத்திலிருந்து ஓடி வந்தவர்களைத் தேடி ஆள்பிடிக்கிறவர்கள் இங்கும் வரலாம். கையில் பிடியாணைக் காகிதம் இருந்தால் எந்த வீட்டிலும் நுழையலாம். ஆராதனை நடக்கிற இடத்தில் மட்டும் கொஞ்சம் சிக்கல். ஆராதனையைக் குலைப்பது குற்றம். ஊர் நீதிபதி தேவபக்தி முற்றிய மனிதர். ஜெபக்கூட்டத்துக்கு வெளியே சீட்டி அடித்ததற்காகச் சொந்த மைத்துனனுக்கே அபராதம் போட்டவர். அதனால் ஓடி வந்தவர்களுக்கு ஹாலர் துறையில் மிகப் பத்திரமான நேரம் ஞாயிறு காலைதான். முகத்தை முழுக்க மறைக்கிற ஆழமான போன்னெட் தொப்பியை மாட்டிப் பாடகர் பெஞ்சில் பெண்களோடு உட்கார வைப்பார்கள். பாட்டு உச்சத்துக்குப் போகும்போது பின்கதவு வழியாக அனுப்பிவிடுவார்கள். சந்தில் கெத்தூராவின் கணவன் லெமுவேல், கொழுப்புப் பீப்பாய் ஏற்றிய வண்டியோடு நிற்பான். பீப்பாய்களுக்கு நடுவே ஓர் ஆள் படுக்க இடம் இருக்கும்.

கெத்தூரா முதல் தடவை விழுந்தபோது வந்தது ஆவி அல்ல. தரைப் பலகையில் துருத்திக்கொண்டிருந்த ஆணி. அன்று ஆசா புரூயிட் என்கிற ஆள்பிடிக்கிறவன் பெஞ்சு பெஞ்சாகக் குனிந்து முகம் பார்த்துக்கொண்டு வந்தான். தண்ணீர் குடிக்கலாம் என்று அவள் எழுந்தாள், பாவாடை ஆணியில் மாட்டியது, நேரே அவன்மேல் சாய்ந்தாள். பாட்டு எடுத்துக் கொடுக்கும் டிரூசில்லா சமயம் அறிந்தவள்.

"அல்லேலூயா! அக்காவுக்கு ஆவி இறங்கிருச்சு! யாரும் தொடாதீங்க!"

கான்ஸ்டபிள் ஹோபார்ட் தூக்கப் போனவன், நீதிபதியை நினைத்துக்கொண்டு கையைப் பின்னுக்கு இழுத்தான். அந்த நேரத்தில் பின்கதவு வழியாக ஒருவன் போய்விட்டான். கெத்தூரா கிடந்தபடியே யோசித்தாள். யோசிக்க வசதியான இடம்; அடியில் மெத்தைக்குப் புரூயிட் இருந்தான். அவனுக்கு ஒரு விலா எலும்பு போனது. அவளுக்கு ஒரு தொழில் கிடைத்தது.

அன்றிலிருந்து அவள் விழுவதைச் சீராகக் கற்றுக்கொண்டாள். முழங்காலை முதலில் விட வேண்டும், இடுப்பை அப்புறம், தலையைக் கடைசியில். கண் மூடியிருக்க வேண்டும், ஆனால் முழுதாக அல்ல.

"ஏண்டி, ஆளைப் பார்த்து விழறியே, பெஞ்சையும் கொஞ்சம் பார்த்து விழக்கூடாதா? மாசத்துக்கு ஒண்ணு செஞ்சு கொடுக்கிறேன்" என்று லெமுவேல் புலம்புவான்.

"நீ பெஞ்சு செய்யிற லட்சணம் அப்படி. ஆவியையே தாங்கல."

இப்படி நடந்துகொண்டிருக்கும்போதுதான் புதுப் போதகர் வந்து சேர்ந்தார். தியோஃபிலஸ் கிரேன், பிலடெல்பியாக்காரர். கறுப்புக் கோட்டில் ஒரு சுருக்கம் இருக்காது. ஒல்லியாக, உயரமாக, கொடிக்கம்பத்துக்குக் கண்ணாடி மாட்டியதுபோல் இருப்பார். கத்துவது, குதிப்பது, விழுவது எல்லாம் அவருக்கு ஆகாது. நம்மைப் பார்த்துச் சிரிக்க வெள்ளைக்காரனுக்கு நாமே ஏன் காரணம் கொடுக்க வேண்டும் என்பது அவர் கட்சி. வந்த மாதமே அறிவித்துவிட்டார்: இனி ஆராதனையில் விழுகிறவர் பெயர் சபைப் புத்தகத்திலிருந்து அடிக்கப்படும். சொல்லும்போது பார்வை கெத்தூராமேல்தான் இருந்தது. வேறு பக்கம் பார்ப்பதும் கடினம். பாதி பெஞ்சு அவள்தான்.

"விஷயத்தைச் சொல்லிரலாமாக்கா?" என்று டிரூசில்லா கேட்டாள்.

"அந்த மனுஷன் மூஞ்சி கண்ணாடி ஜன்னல்டி. உள்ள என்ன நடக்குதுன்னு ரோட்டுல போறவனுக்குத் தெரியும். பொய் சொல்ல வராது அவருக்கு."

அது உண்மைதான். சாவு வீட்டில்கூட, இறந்தவர் நல்ல மனுஷர் என்று சொல்லாமல், "எனக்கு அவரோடு அதிகப் பழக்கம் இல்லை" என்று சொல்லிவிட்டு வந்தவர் அவர். எனவே சொல்லவில்லை.

இலையுதிர் காலத்தில் லவீனியா வந்தாள். நியூ ஆர்லியன்ஸ் வியாபாரிக்கு விற்கப்படப் போகிறாள் என்று தெரிந்து ஆற்றைக் கடந்த பெண். அந்த ஞாயிறு பாடகர் பெஞ்சில், டிரூசில்லாவின் போன்னெட்டுக்குள் முகம் புதைத்து, பாட்டுத் தெரியாமல் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள். போதகர் பிரசங்கத்தை ஆரம்பித்தார். பொருள்: ஒழுங்கு.

பாதிப் பிரசங்கத்தில் முன்கதவில் ஹோபார்ட் வந்து நின்றான். பின்கதவில் புரூயிட்.

புரூயிட் இந்த முறை பாடம் படித்துவிட்டு வந்திருந்தான். பெஞ்சுகள் பக்கம் வரவில்லை, யாரையும் தொடவில்லை. பின்கதவை மறித்துக்கொண்டு, தனக்கும் பெஞ்சுகளுக்கும் நடுவே கணகணவென்று எரியும் இரும்பு அடுப்பு இருக்கும்படி நின்றுகொண்டான். ஆராதனை முடியட்டும், எல்லோரும் வெளியே வந்துதானே ஆக வேண்டும்? வெளியே வந்தால் எந்த நீதிபதியும் குறுக்கே வரமாட்டார். அடுப்புக்கு மேலாகக் கெத்தூராவைப் பார்த்து விலாவைத் தடவிக்கொண்டான், சிரித்தான்.

"இன்னைக்கு எப்படி விழுவே?" என்று உதட்டசைவில் கேட்டான்.

கெத்தூரா பாடகர் பெஞ்சைப் பார்த்தாள். போன்னெட்டின் நாடா நடுங்கிக்கொண்டிருந்தது. பிரசங்க மேடையைப் பார்த்தாள். போதகர் முடிவுரைக்கு வந்துவிட்டார். பிறகு ஒரே பாட்டு, ஆசீர்வாதம், அவ்வளவுதான்.

டிரூசில்லா பாட்டை எடுத்தாள். வழக்கத்தைவிட ஒரு கட்டை ஏற்றியே எடுத்தாள். கெத்தூரா எழுந்தாள். விழவில்லை, ஆடினாள். கண்ணை மூடி, கையைத் தூக்கி, நடைபாதையில் இப்படியும் அப்படியும் சுழன்று பின்பக்கமாகப் போனாள். ஜனங்கள் கால்களை மடக்கிக்கொண்டு வழிவிட்டார்கள்.

"சகோதரி கெத்தூரா, உட்காருங்க!" என்றார் போதகர்.

"வர்றாரு ஐயா, வர்றாரு!" என்று கூவிக்கொண்டே அவள் அடுப்பை ஒரு சுற்றுச் சுற்றினாள்.

அவளிடமிருந்து தப்ப, புரூயிட் அடுப்பின் இந்தப் பக்கம் வந்தான். அவள் அந்தப் பக்கம் போனாள். அவன் அந்தப் பக்கம் போனான். அவள் இந்தப் பக்கம் வந்தாள். பிள்ளைகள் விளையாடுவதுபோல் இருந்தது, ஒருவர் முகத்தில் மட்டும் வேர்வை. கடைசியில் புரூயிட்டின் பூட்ஸ் விறகுக் குவியலில் தட்டியது. முழங்கால், இடுப்பு, தலை என்று ஒழுங்கு தவறாமல் அவன்மேல் இறங்கினாள் கெத்தூரா. அவளுடைய ஞாயிற்றுக்கிழமைப் பாவாடை, கஞ்சி போட்டு விறைத்தது, அவன் முகத்தைக் கூடாரம்போல் மூடிக்கொண்டது.

"எழுந்திரு! ஏய், எழுந்திருடீ! நடிக்கிறா இவ! நடிக்கிறா!" என்று கூடாரத்துக்குள்ளிருந்து சத்தம் வந்தது. தொடர்ந்து, கழுத்துத் துணியில் குத்தியிருந்த ஊசியை எடுத்து, கைக்கு எட்டிய இடத்தில் இறக்கினான் புரூயிட். எட்டிய இடம் சபையில் சொல்லத் தக்கதல்ல.

வேறு இடமாக இருந்தால் அங்கே அவள் பிடிபட்டிருப்பாள். ஆவி வந்தவள் வலிக்கிறது என்று கத்தலாமா? ஆனால் இது கத்துகிற சபை.

"ஆஆஆ... ல்லேலூயா!" என்றாள் கெத்தூரா.

"அல்லேலூயா!" என்றது சபை.

இன்னொரு குத்து.

"அல்லேலூயா! இந்தச் சாத்தானை நொறுக்கிப் போடும் ஆண்டவரே! விலாவோட விடாதேயும்!"

"விடாதேயும்!" என்று ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். எல்லோரும் மேடையைப் பார்த்துத்தான் நின்றார்கள். பின்கதவைப் பார்த்து நின்றவர் ஒருவர்தான், போதகர் கிரேன். ஒரு போன்னெட் பாடகர் பெஞ்சிலிருந்து நழுவி, சுவரோரமாக நடந்து, புரூயிட்டின் நீட்டிய கால்களைத் தாண்டி, கதவுக்கு வெளியே மறைவதை அவர் பார்த்தார். அவருடைய முகத்தில் எல்லாம் தெரிந்தது. நல்லவேளை, அதைப் படிக்க அப்போது ஹோபார்ட்டுக்கு நேரமில்லை. கூட்டத்துக்குள் முட்டி மோதிக்கொண்டிருந்தான்.

சந்தில் பீப்பாய் உருளும் சத்தம் கேட்டது. வண்டி தோல்பதனிடும் கொட்டகையைத் தாண்டித் திரும்பும்வரை புரூயிட் எழக்கூடாது. எழுந்தால் குதிரையில் ஒரே பாய்ச்சல், பிடித்துவிடுவான்.

ஹோபார்ட் அடுப்படிக்கு வந்து சேர்ந்தான். கீழே கிடந்ததைப் பார்த்தான். குனியப் பயந்து, மேடைப் பக்கம் திரும்பினான்.

"போதகரே, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். இது ஆராதனையா, ரகளையா? ஆராதனைன்னா நான் தொட மாட்டேன். ரகளைன்னா இவளை இழுத்துப் போட்டுட்டு அந்த ஆளை எழுப்பணும்."

பாட்டு நின்றுவிட்டது. கெத்தூரா அரைக்கண்ணால் பார்த்தாள். அவள் பார்த்ததிலேயே மிக நீளமான கழுத்து மேடையில் எச்சில் விழுங்கிக்கொண்டிருந்தது.

"சும்மா சொல்லுங்க. ஜன்னலோரமா நின்னு பிரசங்கம் முழுக்கக் கேட்டேன். விழறது தேவனுக்கு ஆகாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன்" என்றார் போதகர்.

"அப்ப இது ரகளைதானே?"

போதகர் வாயைத் திறந்தார். ஆராதனை என்றால், சற்றுமுன் தாமே பேசியது பொய். ரகளை என்றால், அந்தப் பெண் நியூ ஆர்லியன்ஸுக்குப் போவாள். மேடையை விட்டு இறங்கினார். நடைபாதையில் வந்தார். ஹோபார்ட்டுக்கு நேர் எதிரே நின்று, கண்ணாடியைக் கழற்றி, மடித்து, கோட்டுப் பையில் வைத்தார்.

விழுந்தார்.

விழுவதென்றால் அது ஒரு விழுகையா? மடங்கவே இல்லை. வெட்டிய மரம்போல் நேராக வந்து ஹோபார்ட்டின் மார்பில் மோதி, அவனையும் சாய்த்து, தாடையைப் பெஞ்சு முனையில் இடித்துக்கொண்டு கிடந்தார். ஒரு பல் தெறித்து டிரூசில்லாவின் காலடியில் விழுந்தது.

"ஐயாவுக்கே இறங்கிருச்சு!" என்று டிரூசில்லா அலறினாள். அவ்வளவுதான். அதுவரை விழாதவர்கள்கூட விழுந்தார்கள். எதற்கும் அசையாத மூப்பர்கள் இரண்டு பேர் யார் முந்துவது என்று போட்டி போட்டுக்கொண்டு விழுந்தார்கள். எல்லோரும் எழுந்து பாவாடை தட்டி, தொப்பி தேடி முடிக்கும்போது, லெமுவேலின் வண்டி கொட்டகைத் திருப்பம் தாண்டி நெடுநேரம் ஆகியிருந்தது.

நீதிபதியிடம் புகார் போனது. போதகருக்கே ஆவி இறங்கிய கூட்டத்தை ரகளை என்று எப்படிச் சொல்வது என்று அவர் ஹோபார்ட்டைத் திருப்பிக் கேட்டாராம்.

மறுநாள் கெத்தூரா கோழிச்சாறு எடுத்துக்கொண்டு போதகர் வீட்டுக்குப் போனாள். அவர் நாற்காலியைக் காட்டினார். அவள் நின்றபடியே பேசினாள். உட்கார முடியாத நிலைமை.

"முழங்காலை முதல்ல மடக்கணும் ஐயா."

"நான் ஒண்ணும் நடிக்கல, சகோதரி." வீங்கிய தாடைக்குள்ளிருந்து சொல் குழறியது.

"நடிச்சீங்கன்னு யார் சொன்னா? நிஜமா வந்தாலும் முழங்காலை மடக்கலாம். ஆவி ஒண்ணும் கோவிச்சுக்காது."

அவர் சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சினார். "உங்களுக்கு நிஜமா எப்பவாச்சும் வந்திருக்கா?"

"அது வந்த நேரமெல்லாம் நான் வேலையா இருந்தேங்கய்யா."

சபைப் புத்தகத்தை அவர் திறக்கவில்லை. கெத்தூராவின் பெயரை அடித்தால் தம் பெயரையும் அடிக்க வேண்டும், மூப்பர்களையும். பிறகு சபையில் அடுப்பு மட்டும்தான் மிஞ்சும். லெமுவேல் காலி வண்டியோடு திரும்பி வந்து, ஆள்பிடிக்கிறவர்கள் வர முடியாத நாட்டுக்கு லவீனியா வடக்கே ஏரியில் கப்பல் ஏறிவிட்டாள் என்று சொன்னான். டிரூசில்லாவின் போன்னெட்டும் அவளோடு போய்விட்டது. அதைப் பற்றி டிரூசில்லா சாகும்வரை பேசினாள்.

உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைத்தனம் ஒழிந்தது என்று செய்தி வந்தபோது நன்றி ஆராதனை வைத்தார்கள். உட்கார இடமில்லை. பாட்டும் அழுகையுமாகக் கூரை அதிர்ந்தது. கெத்தூராவைச் சுற்றி மட்டும் தாராளமாக இடம் விட்டிருந்தார்கள். தொப்பிகளை எல்லாம் எடுத்தாகிவிட்டது. பாட்டு முடிந்தது, அடுத்த பாட்டும் முடிந்தது. அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள்.

"சகோதரி கெத்தூரா, இன்னைக்குத் தடை எதுவும் இல்லை" என்று போதகர் மேடையிலிருந்தே சொன்னார், பல் போன இடம் தெரியச் சிரித்துக்கொண்டு.

கெத்தூரா திரும்பிப் பார்த்தாள். பின்கதவு விரியத் திறந்து கிடந்தது. யார் வீட்டுக் கோழியோ வாசற்படியில் நின்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"யார் மேலய்யா விழறது?" என்றாள்.