மூன்று தாள், நாற்பத்து மூன்று கடை

ஜெராக்ஸ் அக்கா கவுன்சிலர் தேர்தலில் நிற்கிறாள் என்றதும் தெருவில் பாதிப் பேர் சிரித்தார்கள், மீதிப் பேர் நம்பவே இல்லை. அவள் கணவர் மட்டும் அசரவில்லை. நகரப் பேருந்து ஓட்டுகிற மனிதர், எதற்கும் சட்டென்று பிரேக் போடமாட்டார். "இருபத்திரண்டு வருஷமா அந்த மெஷின் பக்கத்துல நின்னுக்கிட்டேதான் இருக்கா. இன்னும் ஒரு மாசம் எலெக்‌ஷன்ல நின்னா கால் ஒண்ணும் தேய்ஞ்சிடாது" என்று டிப்போவில் சொல்லிவிட்டு வந்தார்.

கடை நகராட்சி அலுவலகத்துக்கு நேரெதிரே. பத்தடிக்கு எட்டடி. உள்ளே இரண்டு நகல் மெஷின், ஒரு கம்ப்யூட்டர், தாள் கட்டுகள், பசை டப்பா, பேனா இல்லாமல் வருகிறவர்களுக்காக நூலில் கட்டித் தொங்கவிட்ட பேனா. அந்த நூலையும் அறுத்துக்கொண்டு போகிற மகராசர்கள் உண்டு, அது வேறு கதை. பிறப்புச் சான்றிதழ், வீட்டு வரி ரசீது, மனு, அந்த மனு எங்கே போயிற்று என்று கேட்கும் இன்னொரு மனு, எல்லாம் அவள் கைப்பட்டுத்தான் எதிரே இருக்கிற வாசலுக்குள் போகும்.

அவளிடம் ஒரு பழக்கம், நல்லதோ கெட்டதோ. நகல் எடுக்கிற எதையும் ஒரு பார்வை படித்துவிடுவாள். வீட்டு விஷயம் என்றால் கண்ணைத் திருப்பிக்கொள்வாள், ஊர் விஷயம் என்றால் திருப்பமாட்டாள். வருஷா வருஷம் நகராட்சியின் வரவு செலவுத் திட்டம் அச்சாகும் வாரத்தில் அலுவலக மெஷினுக்குத் தவறாமல் காய்ச்சல் வந்துவிடும். நூற்றைம்பது பக்கக் கட்டு இவள் கடைக்கு வரும், நாற்பது பிரதி வேண்டும் என்று. முதல் வருஷம் தலைப்புகள் மட்டும் புரிந்தன. ஐந்தாவது வருஷம் கட்டைத் தூக்கிவந்த கடைநிலை ஊழியரிடம், "வடிகாலுக்குப் போன வருஷம் போட்ட தொகையையே மறுபடி போட்டிருக்காங்களே, போன வருஷம் செலவே பண்ணலையா?" என்று கேட்டாள். அவர் திருதிருவென்று விழித்தார். பாவம், அவர் என்ன செய்வார்!

அவள் தேர்தலுக்கு வந்ததற்குக் காரணம் அந்தக் கட்டு இல்லை, பக்கத்து நடைபாதையில் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருந்த தையல்காரிதான். பேன்ட் சுருக்குவது, ஜிப் மாற்றுவது, கிழிந்ததை ஒட்டுப்போட்டுத் தைப்பது. ஒன்பது வருஷமாக அதே இடம், மேலே ஒரு தார்ப்பாய். இரண்டு கடை தள்ளி நகராட்சிக்குச் சொந்தமான கடை ஒன்று ஆறு வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. தையல்காரி போய்க் கேட்டாள். இரண்டு வருஷ வாடகையை முன்பணமாகக் கட்டினால்தான் சாவி என்றார்கள். எப்போதோ யாரோ போட்ட விதி. போட்டவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார், விதி மட்டும் ஓய்வு பெறவில்லை.

"அவ்வளவு காசு இருந்தா நான் ஏன்க்கா ரோட்டுல உக்காரப் போறேன்?" என்றாள் தையல்காரி. ஜெராக்ஸ் அக்காவுக்கு அன்றைக்கெல்லாம் வேலையே ஓடவில்லை.

அந்தச் சமயம் நகராட்சி வேறொரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. கடைத்தெருவை இடித்துவிட்டுக் கடன் வாங்கி ஐந்து மாடி வணிக வளாகம் கட்டுவது. வடிகால், விளக்கு, கழிப்பறை எல்லாம் வளாகம் வந்த பிறகு. அதே வார்டில் அவளை எதிர்த்து நின்ற இரும்புக்கடைக்காரர் இந்தத் திட்டத்துக்குத் தோள் கொடுத்தார். கெட்டவர் இல்லை. ஊர் பெரிதாக வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்பட்டவர். கம்பி அவர் கடையில்தான் வாங்குவார்கள் என்று ஊர் கிண்டலடித்தது தனி.

ஜெராக்ஸ் அக்காவின் வாதம் எளிமையானது. "பூட்டு வாடகை கொடுக்காது. முதல்ல இருக்கிற கடையைத் திறங்க. முன்பணத்தை மூணு மாச வாடகையா குறைங்க. பெரிய கடையை ரெண்டா தடுத்துக் குடுங்க. வர்ற வாடகையில வடிகால் கட்டுங்க. அப்புறமும் கடன் வேணும்னா பேசலாம்." வீட்டு வாசல் ஒவ்வொன்றிலும் இதையேதான் சொன்னாள். கூடவே போனவள் நாத்தனார், கணவரின் தங்கை. இன்ஷூரன்ஸ் பிடிக்கிறவள். அந்த வாய்க்கு எதிரே யாரும் கதவைச் சாத்திவிட முடியாது.

எவ்வளவு கடை பூட்டிக் கிடக்கிறது என்று காட்ட ஆதாரம் வேண்டுமே? மனுப் போட்டு, நாலு முறை நடந்து, பட்டியலை அரை மணி நேரத்துக்கு வாங்கி, தன் கடையிலேயே நகல் எடுத்துக்கொண்டு அசலைத் திருப்பிக் கொடுத்தாள். எண்ணினாள். அறுபத்திரண்டு. "அறுபத்திரண்டு கடை பூட்டிக் கிடக்கிறது, திறந்தால் இரண்டே வருஷத்தில் வடிகால்" என்று மூவாயிரம் நோட்டீஸ் அடித்து வார்டு முழுக்கக் கொடுத்தாயிற்று.

வேட்பாளர்கள் எல்லாரும் ஒரே மேடையில் பேசும் கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பள்ளிக்கூட மண்டபத்தில். அன்று காலை சாப்பாட்டு மேஜையில் நாத்தனார் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு கடை எண்களை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். யாராவது குறுக்குக் கேள்வி கேட்டால் மூஞ்சியில் எறிய வேண்டுமாம்.

"அண்ணி, இருபத்தேழாம் நம்பர் கடை நகராட்சிக்கு ரெண்டு இருக்கா?"

"அதெப்படி இருக்கும்?"

"அப்போ இருபத்தெட்டும் ரெண்டா? இருபத்தொன்பதும்?"

ஜெராக்ஸ் அக்கா எட்டிப் பார்த்தாள். இரண்டாம் தாளும் மூன்றாம் தாளும் ஒரே தாள்.

எப்படி நடந்தது என்று அவளுக்கு அந்த நொடியே நினைவு வந்துவிட்டது. கடையில் கூட்டம், யாரோ அவசரம் அவசரம் என்று கத்தினார்கள். மெஷின் கண்ணாடியிலிருந்து இரண்டாம் தாளை எடுத்தாள், அவரைக் கவனித்து அனுப்பினாள், எடுத்த தாளையே மறுபடி கண்ணாடியில் வைத்துவிட்டாள். மூன்று தாள் நாலு தாளாயிற்று. பத்தொன்பது கடை கூடுதலாக முளைத்தது. உள்ளது நாற்பத்து மூன்றுதான்.

"யாரு எண்ணப் போறாங்க? விடு" என்றார் கணவர்.

"அந்த இரும்புக்கடைக்காரர் எண்ணுவாரு" என்றாள் நாத்தனார். "எண்ணலைன்னா நம்ம அதிர்ஷ்டம். நாமளா போய் வாயைக் குடுத்து மாட்டிக்கக் கூடாது அண்ணி."

"என் கடைக்கு வர்றவங்க அசலையும் நகலையும் பக்கத்துல வெச்சுப் பார்க்கிறதே இல்லடி. அப்படியே மடிச்சுப் பையில வெச்சுக்கிட்டுப் போறாங்க. இத்தனை வருஷமா நான் சம்பாதிச்சது அது ஒண்ணுதான்" என்றாள் அவள்.

சாயங்காலம் மண்டபம் நிரம்பி வழிந்தது. முதலில் பேசியவர் இரும்புக்கடைக்காரர். விஷயம் அங்கேதான் சுவாரசியமாயிற்று. கையில் இவள் நோட்டீஸையே வைத்துக்கொண்டு பேசினார் மனிதர்!

"அம்மாவே எழுதியிருக்காங்க, அறுபத்திரண்டு கடை பூட்டிக் கிடக்குன்னு. ஏன் கிடக்கு? அந்தப் பழைய கட்டடத்தை யாரும் சீந்தறதில்ல. அதனாலதான் சொல்றேன், இடிச்சிட்டுப் புதுசா கட்டணும்!" கைதட்டல் பலமாக விழுந்தது.

நாத்தனாரின் முகம் மலர்ந்துவிட்டது. எதிராளியே முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார், இனி இந்த எண்ணை யார் கேட்கப் போகிறார்கள்? கடைசி வரிசையிலிருந்து கணவர், பேசாமல் இரு என்று கையைக் காட்டினார். ஜெராக்ஸ் அக்கா மைக்கின் முன்னால் போய் நின்றாள். தண்ணீர் குடித்தாள்.

"அறுபத்திரண்டு தப்பு. நாற்பத்து மூணு. நகல் எடுக்கும்போது ஒரே தாளை ரெண்டு தடவை வெச்சிட்டேன். இருபத்திரண்டு வருஷமா இந்த வேலை செய்றவ நான். வெட்கமாத்தான் இருக்கு. நீங்க வாங்கின நோட்டீஸ்ல அடிச்சுத் திருத்திக்குங்க. வடிகாலுக்கு ரெண்டு வருஷம் போதாது, மூணு வருஷம் ஆகும். மத்தபடி நான் சொல்றது மாறல. நாற்பத்து மூணு பூட்டும் வாடகை கொடுக்காது."

மண்டபம் கொல்லென்று சிரித்தது. இரும்புக்கடைக்காரரின் முகம் கறுத்துவிட்டது. தன் பேச்சின் அஸ்திவாரமே அந்த எண்தானே? "கடையை எண்ணத் தெரியாதவங்க கஜானாவை எண்ண வர்றாங்க!" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு போடு போட்டார். சிரிப்பு இன்னும் கூடியது. அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். அழுதுவிடக் கூடாது என்பது ஒன்றுதான் அப்போது அவள் மனதில் இருந்தது.

அப்போது நடுவரிசையில் தையல்காரி எழுந்தாள். கூட்டத்தில் பேசியே பழக்கமில்லாதவள், முந்தானையைத் திருகிக்கொண்டே, "நாற்பத்து மூணா இருந்தா என்னக்கா, எனக்கு ஒண்ணு போதும்" என்றாள்.

சிரிப்பு நின்றுவிட்டது. பின்னாலிருந்து யாரோ, "எனக்கும்" என்றார்கள். சாவி வெட்டுகிறவர் எழுந்து நின்றார். கைப்பேசி பழுதுபார்க்கிறவர் எழுந்தார். யாரும் கைதட்டவில்லை, நிற்க மட்டும் செய்தார்கள். அந்த ஒரு நிமிஷத்துக்காக எத்தனை தேர்தலில் வேண்டுமானாலும் தோற்கலாம் என்று அவள் பிற்பாடு சொல்வாள்.

தோற்கவும் தோற்றாள். இருபத்தேழு ஓட்டில். ஆயிரத்து நூற்றுப் பதினாறு பேர் அவளுக்குப் போட்டிருந்தார்கள்.

நாத்தனார் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. "அந்த மைக்கை நான் பிடுங்கியிருக்கணும்" என்று அண்ணனைப் பிடித்து வைதுகொண்டிருந்தாள். ஜெராக்ஸ் அக்காவுக்கும் வலிக்காமல் இல்லை. ஆனால் சமையலறையில் அரிசியைக் களைந்துகொண்டிருந்தபோது ஆயிரத்து நூற்றுப் பதினாறு என்ற எண்ணை நினைத்துப் பார்த்தாள். தப்புச் செய்தவள் என்று தெரிந்தும் போட்டவர்கள். இத்தனை பேர் தன்னை நம்ப என்ன பண்ணினோம் என்று மனது நிறைந்துபோயிற்று. மறுநாளே நன்றி நோட்டீஸ் அடித்தாள். இரண்டே வரி. வார்டு முழுக்கத் தானே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"ஓட்டுப் போடாதவனுக்கும் நன்றியா அண்ணி? தலையெழுத்து!"

"யாரு போட்டாங்க, யாரு போடலைன்னு எனக்கெப்படித் தெரியும்? அந்தப் பக்கத்துத் தெருவுக்கு நீ போ."

முணுமுணுத்துக்கொண்டே போனாள். போகிற இடத்தில் இரண்டு பேருக்கு இன்ஷூரன்ஸும் பிடித்துவிட்டாள், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மூன்று மாதம் கழித்து ஒரு முற்பகல். கடையில் கூட்டமில்லை. புதுக் கவுன்சிலராகிவிட்ட இரும்புக்கடைக்காரர் படியேறி வந்தார். கையில் நகராட்சி முத்திரையிட்ட ஒரு தாள்.

"இதுல நாற்பது நகல் வேணும்மா. கடைக்காரங்க எல்லாருக்கும் குடுக்கணும்."

வழக்கம்போல ஒரு பார்வை படித்தாள். முந்தின நாள் நகராட்சிக் கூட்டத்தில் நிறைவேறிய தீர்மானம். பூட்டியிருக்கும் நாற்பத்து மூன்று கடைகளுக்கும் முன்பணம் மூன்று மாத வாடகை. விண்ணப்பம் திங்கட்கிழமை முதல். நடைபாதையில் தொழில் செய்பவர்களுக்கு முன்னுரிமை. வளாகத் திட்டம் ஒத்திவைக்கப்படுகிறது. முன்மொழிந்தவர் என்ற இடத்தில் அவர் கையெழுத்து.

"நீங்களா?" என்றாள்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "உள்ள போய்ப் பார்த்தாதான் தெரியுது, கடனுக்கு வட்டி கட்டவே வருமானம் பத்தாது. எது நம்புற கணக்கு, எது நம்பாத கணக்குன்னும் ஒண்ணும் புரியல. ஆளாளுக்கு ஒரு கணக்கை நீட்டுறாங்க. கடைசில உங்க நோட்டீஸைத்தான் எடுத்து வெச்சுக்கிட்டேன்."

"அதுலதான் தப்பு இருந்துச்சே."

"அந்த ஒண்ணை அடிச்சுத் திருத்திக்கிட்டேன். மிச்சத்தை நான் சரிபார்க்கவே இல்லம்மா. அன்னிக்கு மேடையில நீங்க சொன்னீங்க பாருங்க, அப்பவே தெரிஞ்சுபோச்சு, மிச்சமெல்லாம் சரியாத்தான் இருக்கும்னு. நான் அன்னிக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

"ரொம்ப நன்றிங்க" என்றாள் ஜெராக்ஸ் அக்கா. கண்ணீர் வழிந்தது, துடைக்கவும் இல்லை.

"நன்றியை நான் சொல்லணும். நீங்க சொன்னா எப்படி?" என்று அவர் சங்கடத்தோடு வேறு பக்கம் திரும்பினார்.

திரும்பிய பக்கம் தையல்காரி நின்றுகொண்டிருந்தாள். கையில் கத்தரி, கழுத்தில் அளவு டேப். நடைபாதையில் உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"அக்கா, விண்ணப்பத்தோட என்னென்ன நகல் வெக்கணும்?"

ஜெராக்ஸ் அக்கா நகர்ந்து வழிவிட்டு, அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டாள்.