ஆய்வேட்டுக்கு முன் ஒரு ஜெபம்

எங்கள் கல்லூரி ஆங்கிலத் துறையில் ஜெபசுதா மேடத்துக்கு மாணவர்கள் வைத்த பட்டப்பெயர் 'என்ன வேலை'. கட்டுரையை நீட்டினால் பிழை திருத்த மாட்டார். ஏதாவது ஒரு வரியில் விரலை வைத்து, "இது இங்கன என்ன வேல பாக்கு?" என்று கேட்பார். பதில் வராவிட்டால் அந்த வரிக்குச் சீட்டுக் கிழிந்தது.

செயல்பாட்டு மொழியியல் என்று ஒன்று இருக்கிறது. மொழியை விதிகளின் மூட்டையாகப் பார்க்காமல், ஒருவர் இன்னொருவரிடம் காரியம் சாதிக்கும் வழியாகப் பார்ப்பது. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய பெரிய ஆட்கள் மண்டையை உடைத்திருக்கிறார்கள் என்பது தனிக்கதை. மேடம் அதைத் தூத்துக்குடிக்கு இறக்குமதி செய்து, கட்டுரை எழுதக் கற்றுக்கொடுத்தார். மீன்வள ஆய்வு செய்யும் மாணவன் ஒருவன் தன் கட்டுரையை 'இந்தியா ஒரு தீபகற்பம். அதன் மூன்று பக்கமும் கடல்' என்று தொடங்கியிருந்தான்.

"ஏலே, மீன் ஏலம் போடுதவரு இப்படி ஆரம்பிச்சார்னா சாளை நாறிப் போவும். உன் கட்டுரையில மீனு எங்கல?" என்று கேட்டார்.

மீன் பதினோராம் பக்கத்தில் இருந்தது.

இப்படிப்பட்டவருடைய சொந்த ஆய்வேடு எப்படி இருந்திருக்க வேண்டும்? ஊருக்குத்தான் உபதேசம். அவர் சமர்ப்பித்த ஆய்வேட்டை, அதே துறையில் பாடம் நடத்தும் நான் படித்துப் பார்த்தேன். முதல் அத்தியாயத்தில் உலகத்து மொழியியலாளர்களுக்கெல்லாம் மாலை மரியாதை. இரண்டாம் அத்தியாயத்தில் விட்டுப்போனவர்களுக்கு மரியாதை. மூன்றில், இந்த ஆய்வு எவ்வளவு சிறியது, இதில் எத்தனை குறை என்று ஒப்புக்கொள்ளுதல். கடைசி அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தில்தான் அவர் கண்டுபிடித்த சங்கதி வருகிறது. அதுவும் கதவுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்கிறது.

சங்கதி என்னவோ அருமையான சங்கதி. நம் மாணவர்களின் ஆய்வுக் கட்டுரை கெட்டுப்போவது ஆங்கிலம் தெரியாததால் அல்ல. வீட்டிலும் மேடையிலும் பழகிய பேச்சின் வடிவத்தை அப்படியே கட்டுரைக்குள் கொண்டுவந்து வைப்பதால்தான்.

"மேடம், இத ஏன் கடைசியில போட்டிய?" என்று கேட்டேன்.

"வந்ததும் வராததுமா எப்படிக் கேக்க முடியும், பத்ரி சார்? முதல்ல துதி, பொறவு பாவ அறிக்கை, அதுக்குப் பொறவுதான விண்ணப்பம்..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் வாயைப் பொத்திக்கொண்டார். பக்கத்து நாசரேத் ஊரில் கிறிஸ்தவ வீட்டில் பிறந்து, பேசத் தொடங்கிய நாள் முதல் ஜெபம் செய்து பழகியவர், ஆய்வேட்டையும் ஜெபமாகவே எழுதி வைத்திருந்தார். நான் சிரித்தேன். எனக்கென்ன யோக்கியதை? தென்திருப்பேரைக்காரன். எங்கள் வீட்டில் உப்பு வேண்டுமென்றாலும் பெருமாளில் இருந்துதான் ஆரம்பிப்போம்.

ஆனால் வெளியூர்த் தேர்வாளர் சிரிக்கவில்லை. 'ஆய்வாளர் சொல்ல வருவது என்ன? வைவாவில் விளக்கட்டும். இல்லையென்றால் திருத்தி மறுபடி சமர்ப்பிக்கலாம்' என்று எழுதிவிட்டார். மறுபடி என்றால் இன்னும் ஒரு வருடம். இந்தக் கல்வியாண்டுக்குள் டாக்டர் பட்டம் இல்லாவிட்டால் வேலை இல்லை என்று நிர்வாகம் ஏற்கெனவே சொல்லியிருந்தது. மேடத்துக்கு முகம் செத்துவிட்டது.

"முதல் வரியிலேயே போட்டு உடைங்க" என்றேன்.

"வாய் வராதே சார்."

வைவா அன்று கூடம் நிறைந்திருந்தது. மேடத்தின் கணவர் ஷாம், எல்லோருக்கும் கொடுக்க ஒரு பெட்டி மக்ரூன் இனிப்போடு பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். தேர்வாளர், வாகைக்குளத்தில் விமானம் பிடிக்க வேண்டும், சீக்கிரம் முடிப்போம் என்று வந்ததுமே சொல்லிவிட்டார். எங்கள் கல்லூரியில் எது நடந்தாலும் ஜெபத்தோடுதான் தொடங்கும். முதல்வர் மரியாதை செய்வதாக நினைத்துக்கொண்டு, மேடத்தின் அப்பாவை ஜெபிக்க அழைத்தார்.

அப்பா எஸ்றா சார் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். அவர் ஜெபித்த கல்யாணங்களில் யாரும் சூடான பிரியாணி சாப்பிட்டதில்லை என்று நாசரேத்தில் பேச்சு.

கண்ணை மூடினார். "எங்கள் பரம பிதாவே" என்று தொடங்கி, உலகத்தைப் படைத்ததற்கு நன்றி சொன்னார். மிஷனரிமார் கப்பலேறி வந்ததற்கு, பள்ளிக்கூடம் கட்டியதற்கு, தேர்வாளர் ஆகாய மார்க்கமாய்ப் பத்திரமாக வந்ததற்கு நன்றி சொன்னார். தேர்வாளர் ஒரு கண்ணைத் திறந்து கடிகாரத்தைப் பார்த்தார். நானும் ஒரு கண்ணைத் திறந்துதான் இதைப் பார்த்தேன்.

துதி முடிந்தது. தாழ்மை தொடங்கியது.

"ஆண்டவரே, தேவரீருடைய அடியாளாகிய இந்தப் பிள்ளை ஒன்றும் அறியாதவள். இவளிடத்தில் யாதொரு ஞானமும் இல்லை. இவள் எழுதினதிலே எத்தனையோ குறைகள் உண்டு..."

எனக்குப் பகீரென்றது. சர்ச்சில் இதைக் கேட்டால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்; அங்கே அது பக்தி. இங்கே, மதிப்பெண் போட வந்தவர் முன்னால், பெற்ற தகப்பனே மகளுக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தார். தேர்வாளர் இப்போது இரண்டு கண்ணையும் திறந்து, மெல்லத் தலையாட்டினார்.

"அறிவீனமான இவளுடைய..."

"ஆமென்!"

மேடத்தின் குரல்தான். ஆமென் என்று ஒருவர் சொன்னால் எல்லோருக்கும் வாய் தானாக வந்துவிடும். மொத்தக் கூடமும் "ஆமென்" என்றது. நாமம் போட்ட பரம்பரையில் வந்த நானும் சொன்னேன்.

எஸ்றா சார் கண்ணைத் திறந்து, ஒன்றும் புரியாமல் மகளைப் பார்த்தார். "ஏளா, நான் இன்னும் கேக்கவே ஆரம்பிக்கலியே?"

"நானே கேட்டுக்கிடுதேம்ப்பா."

அப்பாவின் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார். மைக்குக்கு வந்தார். யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை, யாருக்கும் நன்றி சொல்லவில்லை. "நம்ம பிள்ளைகளுக்கு ஆங்கிலம் தெரியாம கட்டுரை கெடல. பழகின பேச்சோட வடிவம் இடம் மாறி வந்து உக்காந்துக்கிடுது. இப்ப நடந்ததே அதுக்கு உதாரணம்" என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். தேர்வாளர் கொல்லென்று சிரித்துவிட்டு, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அதன்பிறகு அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது, மறைப்பானேன்.

பட்டத்துக்குப் பரிந்துரை என்று அறிவித்தார்கள். கைதட்டல் ஓய்வதற்குள் எஸ்றா சார் எழுந்து நின்று கண்ணை மூடினார். நன்றி ஜெபம்! கூடம் நடுங்கியது. ஷாம் மக்ரூன் பெட்டியை மூடினார்.

சார் ஒரு கண்ணைத் திறந்து மகளைப் பார்த்தார். மறுபடி மூடிக்கொண்டார்.

"ஸ்தோத்திரம், ஆண்டவரே. என் மகளுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு. ஆமென்."