அந்தூலா துறையில் நிற்கமாட்டாள்

ஆகஸ்டு மாதத்தில் கிரேக்க நாட்டின் பாரோஸ் தீவுக்காரி ஒருத்தி பெட்டி கட்டிக்கொண்டு தீவு சுற்றக் கிளம்புவது, கல்யாண வீட்டில் பரிமாற வேண்டியவள் வாளியை வைத்துவிட்டு முதல் பந்தியில் போய் உட்காருவது மாதிரி. அந்தூலா உட்கார்ந்தாள். புருஷன் பந்தெலிஸையும் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

அவள் வீட்டு மாடியில் வாடகைக்கு விட நான்கு அறைகள். கோடை முழுவதும் தோள்பையும் வெயிலில் சிவந்த மூக்குமாக வெளிநாட்டு ஜோடிகள் வருவார்கள். இரண்டு நாள் கடலில் கிடப்பார்கள். புறப்படும்போது, "அடுத்து எந்தத் தீவுக்குப் போகலாம்?" என்று கேட்பார்கள்.

"ஃபோலெகாண்ட்ரோஸ் போங்க. மலை உச்சியில ஊரு. அங்க மரத்தடியில உக்காந்தா எந்திரிக்கவே மனசு வராது" என்பாள் அந்தூலா, பார்த்தவள் மாதிரி. கடையில் தொங்குகிற பட அட்டையில் பார்த்ததுதான். அவர்கள் போனதும் விரிப்பை உருவி எடுத்துத் துவைக்கப் போவாள்.

பந்தெலிஸ் கதை இன்னும் வேடிக்கை. தீவு தீவாகப் போகும் பயணிகள் கப்பலில் பின்கதவுக்காரன். கரை நெருங்கினால் கயிறு எறிய வேண்டும். கதவைக் கரையில் இறக்க வேண்டும். லாரி, கார், ஆட்டு வண்டி எல்லாவற்றையும் கைகாட்டி ஏற்றி இறக்க வேண்டும். கதவைத் தூக்க வேண்டும். தலை நரைக்கும் வரை அதுதான் வேலை. அவன் கயிறு விழாத தீவு அந்தப் பக்கத்தில் கிடையாது. அவன் கால் துறையைத் தாண்டிய தீவும் கிடையாது.

"ஃபோலெகாண்ட்ரோஸ்ல என்னதான் இருக்கு?" என்று ஒருமுறை கேட்டாள்.

"கயிறு மாட்டற இரும்புத் தூணு மூணு இருக்கு. அதுல ஒண்ணு ஆடும்."

அவர்கள் குடித்தனம் நடந்ததே பாரோஸ் துறையில்தான் என்று சொல்லலாம். கப்பல் வருகிற நேரத்துக்கு அந்தூலா அரிசி அடைத்த தக்காளியைத் துணியில் கட்டிக்கொண்டு போய் நிற்பாள். வண்டிகள் இறங்கி ஏறுகிற நேரம்தான் அவர்களுக்கு. மகன் யாகுமிஸுக்குப் பல் முளைத்ததை அப்பன்காரன் அங்கேதான் வாயைத் திறந்து பார்த்தான். மாமியார் செத்த சேதியை அங்கேதான் சொன்னாள். அழுது முடிப்பதற்குள் கதவு மேலே போய்விட்டது. மழையிலும் காற்றிலும் வயிற்றுப் பிள்ளையோடும் நின்றிருக்கிறாள். நிற்பது அவள் வேலை.

அந்த வசந்தத்தில் பந்தெலிஸ் ஓய்வு பெற்றான். அந்தூலா உடனே சொல்லிவிட்டாள்: "ஆகஸ்டுல கெளம்பறோம். இயோஸ், சிகினோஸ், ஃபோலெகாண்ட்ரோஸ். விருந்தாளியா போயி, விருந்தாளியா தங்கி, விருந்தாளியா திரும்பறோம்."

நாத்தனார் ஃப்ரோசோ தெரு முழுக்கக் கேட்கும்படி வந்தாள்.

"அடியே, ஆகஸ்டுல எவளாவது வீட்ட விட்டுப் போவாளா? அக்டோபர்ல போனா கடலு வத்திருமா?"

"அக்டோபர்ல நாற்காலிய எல்லாம் கவுத்து வச்சிருப்பான். எல்லாரும் தின்னு எந்திரிச்சப்புறம் வெறும் தட்டப் பாக்கவா போறது?"

"பதினஞ்சாந் தேதி மாதா திருநாளு. ஊரே கோயில்ல நிக்கும். நீ எங்கடி நிப்ப?"

"நின்னது போதும் ஃப்ரோசோ. நான் உக்காந்திருப்பேன்."

"இந்த வயசுல தேனிலவு கேக்குதா உனக்கு?"

"அந்த வயசுல கெடைக்கல. உன் தம்பி கப்பல்ல இல்ல இருந்தான்!"

யாகுமிஸ் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டான். அறைகளைப் பெருக்க ஒரு பெண்ணை ஏற்பாடு செய்துவிட்டுத்தான் அந்தூலா கப்பல் ஏறினாள்.

ஏறிய பிறகுதான் தெரிந்தது, விருந்தாளியாக இருப்பது சுலபமில்லை என்று. இயோஸில் முதல் காலையிலேயே மாட்டிக்கொண்டாள். கண் விழித்ததும் கை தானாக விரிப்பை உருவியது. தலையணை உறைகளைக் கழற்றி மடித்து வாசலில் வைத்தது. மூலையில் இருந்த துடைப்பத்தை எடுத்தது. பாதி அறை பெருக்கியிருப்பாள், வீட்டுக்காரி வந்து நின்றாள்.

"என்ன, கெளம்பிட்டீங்களா? ரெண்டு ராத்திரின்னு இல்ல சொன்னீங்க?"

"இல்லையே, இருக்கோம்."

"அப்புறம் எதுக்கு என் விரிப்ப உருவினீங்க? என் வீடு அழுக்குன்னு குத்திக் காட்டறீங்களா?"

"ஐயோ, இல்லம்மா. நான் பாரோஸ்ல ரூம் விடறவ. கை பழக்கம்."

வீட்டுக்காரி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "அப்படிச் சொல்லு! வேவு பாக்க வந்தியா?" பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "போ, போயி கடல்ல விழு. இன்னொரு தடவ என் தொடப்பத்தத் தொட்டா கைய ஒடிச்சிருவேன்."

அந்தூலா போய்க் கடலில் விழுந்தாள். அன்றிலிருந்து காலையில் கண் விழித்ததும் இரண்டு கைகளையும் தலைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்திருக்கப் பழகினாள். முதுகு குறுகுறுத்தது. ஆனாலும் எழவில்லை.

பந்தெலிஸ்தான் பழகவில்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்றிருப்பான். துறைப் பக்கம் கப்பல் ஊதினால் போதும், தண்ணீரைக் கிழித்துக்கொண்டு கரைக்கு ஓடுவான். பாதியில் நினைவு வந்து, காலில் ஏதோ குத்தியது போலக் குனிந்து பார்ப்பான். மலைமேல் ஊருக்குப் போகலாம் என்றால், "மேல என்ன இருக்கு? கோயிலு இருக்கும், பூனை இருக்கும். நம்ம ஊர்ல இல்லாததா?" என்பான். இயோஸில் துறை ஓரத்துக் காப்பிக் கடையை விட்டு அவன் எழவே இல்லை. சிகினோஸுக்கு வந்தும் அதே கதைதான்.

சிகினோஸில் இரண்டாம் நாள் காலை, அறையைக் காலி செய்துவிட்டுப் பெட்டிகளோடு துறைக் கடையில் உட்கார்ந்திருந்தபோது யாகுமிஸ் போன் செய்தான்.

"அம்மா, அந்தப் பொண்ணு வேலைய விட்டுட்டுப் போயிருச்சு. நாலு ரூமும் நெறஞ்சு கெடக்கு. இன்னைக்குக் காலைக் கப்பல்லயே ஏறி வந்துரு."

"உனக்குக் கை இருக்கா?"

"இருக்கு."

"கால் இருக்கா?"

"அம்மா!"

"அப்ப விரிப்ப நீயே மாத்து. நாலு மூலை, இழுத்துச் சொருகணும். பெரிய வித்தை இல்ல." போனை வைத்துவிட்டாள்.

பந்தெலிஸ் காப்பியைக் கலக்கிக்கொண்டே, "பாவம், பையன் ஒண்டியா தவிக்கிறான். போயிடலாமா?" என்றான். அவன் குரலில் பிள்ளைப் பாசத்தைவிட நிம்மதிதான் கூடுதலாக இருந்தது. அந்தூலாவுக்கு அது சுருக்கென்றது.

"சாயங்காலக் கப்பல்ல ஃபோலெகாண்ட்ரோஸ். அவ்வளவுதான்."

சொல்லி வாய் மூடவில்லை, பாரோஸ் பக்கம் போகிற காலைக் கப்பல் ஊதிக்கொண்டு வந்தது. அவன் வேலை பார்த்த அதே கப்பல். கதவு இறங்கியது. தர்பூசணி ஏற்றிய லாரி ஒன்று பின்பக்கமாக ஏறப் பார்த்தது. கதவில் நின்ற புது ஆள் கையை இடமும் வலமுமாக மாற்றி மாற்றி ஆட்ட, லாரி கோணலாகி நின்றது. பந்தெலிஸ் கரண்டியைக் கீழே வைத்தான். எழுந்தான்.

"உக்காரு" என்றாள் அந்தூலா.

"கடல்ல விழுந்துரும்டி!"

ஓடினான். "வலது! வலது ஒடி! ஆங், வா, வா, வா..." என்று பின்னாலேயே நடந்து கப்பலின் வயிற்றுக்குள் போனான். பழைய கூட்டாளிகள் கை தட்டினார்கள். லாரி நேராக ஏறியது. கதவும் மேலே ஏறியது.

அந்தூலா இரண்டு பெட்டிகளோடு கரையில் இருந்தாள். கப்பல் விலகிய பிறகு போன் வந்தது.

"அந்தூலா, கப்பல் கெளம்பிருச்சு."

"தெரியுது. எனக்குக் கண்ணு இருக்கு."

"எப்படியும் பாரோஸ்தான் போகுது. நான் நேரா வீட்டுக்குப் போயி பையனுக்கு ஒத்தாசையா இருக்கேன். நீ அடுத்ததுல ஏறி வந்துரு."

துறையில் நின்றுகொண்டு போகிற கப்பலைப் பார்ப்பது அவளுக்குப் புதிதில்லை. சோற்றை நீட்டிவிட்டு, கதவு மூடுவதைப் பார்த்துவிட்டு, வீடு திரும்பியவள்தான். அப்போது சம்பளம் கட்டிப்போட்டிருந்தது, போனான். இப்போது எது கட்டிப்போட்டிருக்கிறது?

"பந்தெலிஸ், நல்லா கேட்டுக்கோ. நான் ஃபோலெகாண்ட்ரோஸ் போறேன். தனியா போறேன். உன் கப்பல் இயோஸ்ல நிக்கும். எறங்கறதோ, பாரோஸ் போறதோ உன் இஷ்டம். வந்தா நான் தொறையில நிக்க மாட்டேன். இத்தன வருஷம் நின்னேன். இனி நிக்க மாட்டேன். உச்சியில ஊரு இருக்காம், அங்க உக்காந்திருப்பேன். ஏறி வா."

அவன் என்னவோ சொல்ல வந்தான். அவள் போனை அணைத்துவிட்டாள்.

மாலைக் கப்பலில் இரண்டு பெட்டிகளையும் தானே இழுத்துக்கொண்டு ஏறினாள். மகன் மறுபடி கூப்பிட்டான். "அப்பா என்ன உளர்றார்? ஊர் சிரிக்குது. ஃப்ரோசோ அத்தை தெருவுல நின்னு சொல்லிட்டிருக்கா."

"சிரிக்கட்டும்டா. சிரிச்சா ஒடம்புக்கு நல்லது."

ஃபோலெகாண்ட்ரோஸில் உச்சி ஊர் பட அட்டையில் இருந்தது போலவே இருந்தது. காற்று மட்டும் அட்டையில் இல்லை. மறுநாள் காலை வளைந்து வளைந்து ஏறும் வெள்ளைப் பாதையில் மாதா கோயிலுக்கு நடந்தாள். ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினாள். "பாரோஸ்ல இருக்கறவளும் நீதான், இங்க இருக்கறவளும் நீதான். ஃப்ரோசோவுக்கு எடுத்துச் சொல்லு" என்றாள். அவனை அனுப்பு என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. அது அவன் பாடு.

இறங்கி வந்து, சதுக்கத்து மரத்தடியில், மூலை மேசையில் உட்கார்ந்தாள். தூரத்தில், கீழே, கப்பல் ஊதியது. கால்கள் எழப் பார்த்தன. நாற்காலியின் இரு பக்கத்தையும் பிடித்துக்கொண்டாள். துறையிலிருந்து வந்த பேருந்து சதுக்கத்து ஓரத்தில் கூட்டத்தைக் கொட்டியது. அதில் அவன் இல்லை. அந்தூலா கடைக்காரனைக் கூப்பிட்டு, சேவல் கறியும் கையால் வெட்டிய மாவுப் பட்டையும் கேட்டாள். "ஒரு ஆளுக்கா, ரெண்டு ஆளுக்கா?" என்றான்.

"ஒரு ஆளுக்கு. பெரிய தட்டா கொண்டா."

தட்டில் பாதி தீர்ந்திருந்தது. வெயிலில் வெந்து, சட்டை முதுகில் ஒட்ட, ஒரு மனிதன் சந்து முனையில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தான். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒருமுறை பையில் விட்டான், ஒருமுறை எடுத்தான். அந்தூலா கூப்பிடவில்லை, கை காட்டவும் இல்லை. அவனே கண்டுபிடித்து வந்தான்.

"பஸ்ஸுல எடம் இல்ல. நடந்தேன்" என்றான்.

"நல்லது. பாதை எப்படி இருந்துச்சு?"

"செங்குத்து." எதிரே உட்கார்ந்தான். மூச்சு வாங்கியது. "இயோஸ்ல ராத்திரி தங்கினேன். உன் வீட்டுக்காரி என்ன அந்தத் திட்டு திட்டினா. பொண்டாட்டிய தொறையில விட்டுட்டு வந்த மொத ஆம்பளை நான்தானாம்."

"நீ விட்டுட்டுப் போறது மொத தடவையா என்ன? அவளுக்கு என்ன தெரியும்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் முள்கரண்டியைத் துடைத்து அவன் பக்கம் தள்ளினாள்.

கீழே வேறொரு கப்பல் ஊதியது, புறப்படுவதற்கு. பந்தெலிஸின் குதிகால் தரையை விட்டு எழுந்தது. அந்தூலா பார்த்தாள், பிடிக்கவில்லை. அவன் ஒரு கணம் அப்படியே இருந்தான். பிறகு காலைத் தரையில் ஊன்றி, தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"போகட்டும்" என்றான், வாய் நிறைய. "கயித்த அவங்களே அவுத்துக்குவாங்க."