பாவுக்குப் போன பிரியாணிக் கஞ்சி

எழுபதுகளின் தொடக்கம். நான் கல்யாணமாகிக் காஞ்சிபுரம் வந்து ஆறு மாதம்கூட முடியவில்லை. புகுந்த வீடு பட்டு நெசவுக் குடும்பம். வீட்டில் இரண்டு தறி, ஒன்றில் என் கணவர், இன்னொன்றில் கொழுந்தனார். கொழுந்தனாருக்கு முசரவாக்கத்தில் பெண் பேசி முக்கால்வாசி முடிந்திருந்தது. பெண்ணின் அப்பாவும் தறிக்காரர்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார். மத்தியானத்துக்கு என்ன சமைப்பது என்று மாமியார் வாயெடுப்பதற்குள், "நான் பிரியாணி செய்யறேன் அத்தை" என்று முந்திரிக்கொட்டையாக முந்திக்கொண்டேன்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் கறியையும் அரிசியையும் ஒன்றாகப் போட்டுக் கிளறும் சோறு. அடுக்கி தம் போடும் பிரியாணியைச் சொல்லிக்கொடுத்தது, ஆற்காட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த அடுத்த தெரு பாய் வீட்டு அக்கா. அடியில் மசாலாவோடு வெந்த கறி. அதன் மேல் முக்கால் பதத்தில் வடித்த சீரகச் சம்பா. பிறகு சிவக்க வறுத்த வெங்காயம், கிள்ளிய புதினா. மறுபடி சோறு. எல்லாவற்றுக்கும் மேல் குங்குமப்பூ ஊறிய பால். எங்களுக்குக் குங்குமப்பூ எங்கே கிடைக்கும்? மஞ்சள்தூள் கரைத்த பால்தான். கடைசியில் கோதுமை மாவைப் பிசைந்து மூடியைச் சுற்றி ஒட்டி, மூடி மேல் தணலை அள்ளி வைக்க வேண்டும்.

"அரிசி வேகுற தண்ணியில உப்பு தூக்கலா இருக்கணும்மா. ரெண்டு லவங்கம், பட்டை, ஒரு கரண்டி எண்ணெயும் வுடு. அடுக்குனப்புறம் கரண்டிய உள்ள வுட்டுக் கிண்டிறாதே" என்று அக்கா மூன்று தடவை சொன்னார். அத்தனையும் மனப்பாடம். ஆனால் வடித்த கஞ்சியை என்ன செய்வது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எங்கள் வீட்டில் தினமும் உப்பில்லாமல் சோறு வடித்து, அந்தக் கஞ்சியைப் பின்கட்டில் ஒரு பானையில் சேர்த்து வைப்போம். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலைத் தெருநீளத்துக்கு இழுத்துக் கட்டி, அந்தக் கஞ்சியைத் தடவிக் காயவைத்தால்தான் நெய்யும்போது இழை அறுபடாது. வந்த நாளிலிருந்து மாமியார் எனக்குப் போட்ட ஒரே சட்டம், கஞ்சியைக் கீழே கொட்டாதே என்பதுதான்.

அந்த ஞாயிறு விடிந்ததும் சோற்றை வடித்தேன். கை தானாகவே அந்தப் பானையைத் தேடிப் போனது. உப்பும் எண்ணெயும் கலந்த கஞ்சி அத்தனையும் பானைக்குள் போய்விட்டது. நான் பாட்டுக்கு உள்ளே அடுக்குவதில் மூழ்கிவிட்டேன்.

முந்தின நாள் தூறல் போட்டதால் பாவு வேலை ஞாயிற்றுக்குத் தள்ளிப்போயிருந்தது. கொழுந்தனாருக்கு வேறு நாலு நாளாகச் சளி, மூக்கு சுத்தமாக அடைப்பு. பானையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பாவு முழுக்கத் தடவிவிட்டார்.

மூடிக்கு மாவு ஒட்டிக்கொண்டிருந்தபோது தெருவில் ஒரே கூச்சல். கதவோரம் நின்று எட்டிப் பார்த்தேன். தெருக்கோடி வீட்டு ஆடு பாவு நூலை நக்கிக்கொண்டிருந்தது. அதை விரட்டினால் இன்னொன்று வந்தது. பாவுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காத ஆடுகள்! சரியாக அந்த நேரம் பார்த்து, பஸ் ஸ்டாண்டிலிருந்து சம்பந்தியை அழைத்துக்கொண்டு என் கணவர் வந்து சேர்ந்தார்.

சம்பந்தி நூலைத் தொட்டார், முகர்ந்தார். விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"இன்னாப்பா இது, உப்பு கரிக்குது? எண்ணெ வேற பிசுபிசுங்குது. யாருப்பா கஞ்சி வச்சது?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கொழுந்தனார் பானைக்குள் குனிந்து பார்த்தார். அடியில் ஒட்டியிருந்த ஒரு லவங்கத்தை எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டார். என் பக்கம் திரும்பவே இல்லை.

"நாந்தாங்க. கவனிக்காம உப்புப் போட்டுட்டேன்" என்றார்.

"பட்டுல உப்பு படக்கூடாதுன்னு தறி வூட்டுக் கொழந்தைக்குக்கூடத் தெரியுமேப்பா! இப்டி இருந்தா உன்னிய நம்பி எப்டிப்பா பொண்ணு குடுக்கிறது?" என்றவர், குடையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடையைக் கட்டினார். என் கணவர் கெஞ்சிக்கொண்டே பின்னால் ஓடினார்.

நான் வாயைத் திறக்கவில்லை. வந்த ஆறு மாதத்தில் குடும்பத்துக்கே கேடு செய்தவள் என்று பெயர் வாங்குவேனோ என்ற பயம். சம்பந்தி ஒரு வீடு தாண்டினார், இரண்டு வீடு தாண்டினார். கொழுந்தனார் தலை குனிந்து, நனைந்த பாவைப் பிடித்தபடி நின்றார். நாலாவது வீட்டைத் தாண்டும்போதுதான் என் கால் நகர்ந்தது. மாவுக் கையோடு ஓடினேன்.

"அவரு இல்லீங்க, நாந்தான். பிரியாணிக்கு வடிச்ச கஞ்சிய அந்தப் பானையில ஊத்திட்டேன். அவருக்குச் சளி, வாசனை தெரியல. அவரு கைய விரிக்கச் சொல்லிப் பாருங்க, லவங்கம் இருக்குது."

அவர் திரும்பி வந்தார். "கையத் தொறப்பா" என்றார். கொழுந்தனார் தயங்கித் தயங்கித் திறந்தார். சம்பந்தி அந்த லவங்கத்தை எடுத்து முகர்ந்தார். பிறகு குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினார்.

"வெயில் ஏறிக்கினு இருக்குது, காஞ்சா உப்பு போவாது. மொதல்ல பாவை அவுத்துடுங்க. அலசிட்டு நாளைக்கு நல்ல கஞ்சி போட்டுக்கலாம்."

கிணற்றடியில் எல்லோரும் சேர்ந்து உப்பும் பிசுக்கும் போகும்வரை அலசினோம். ஒரு இழைகூடக் கெடவில்லை. கெட்டது என் பிரியாணிதான். அடுப்பை மறந்துவிட்டதால் அடி அடுக்கு கரிக்கட்டையாகியிருந்தது. மேல் அடுக்கை மட்டும் அள்ளிப் பயந்துகொண்டே பரிமாறினேன். சம்பந்தி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுச் சொன்னார்: "உப்பெல்லாம் பட்டுக்கே போயிட்ச்சு போலக்குது, சோத்துல காணோமே!" எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்துவிட்டது.

புறப்படும்போது மாமியாரிடம் சொன்னார். "தையில வச்சுக்கலாம்மா. தன் கல்யாணமே போனாலும் அண்ணிய வுட்டுக் குடுக்கலியே இந்தப் பையன். என் பொண்ணையும் வுட்டுக் குடுக்க மாட்டான்."

அப்படியே தையில் கல்யாணம் நடந்தது. இன்றும் குடும்பத்தில் இந்தக் கதை வந்தால், நான் மாவுக் கையோடு தெருவில் ஓடியதைத்தான் எல்லோரும் பெருமையாகச் சொல்கிறார்கள். கொழுந்தனார் மட்டும் சிரித்துக்கொள்வார். நான் எத்தனை நேரம் கதவோரம் நின்றேன் என்பது அவருக்குத் தெரியும். தம் போட மாவு பிசையும்போதெல்லாம் எனக்கு ஞாபகம் வருவது ஓடிய பெண் அல்ல, தனக்காக ஒருவர் தலை குனிந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டே, நாலு வீட்டு தூரம் வாயைத் திறக்காமல் நின்ற பெண்தான்.