மார்கழிக் கண்ணாடி

அறுபதுகளின் தொடக்கத்தில், கோவில்பட்டியில் மதுரை ரோட்டை ஒட்டி என் அத்தான் கார் கழுவும் கொட்டகை ஒன்று வைத்திருந்தார். அக்காவைக் கட்டியவர். பத்திரிகை வேலை கிடைக்கும்வரை நான் அவரோடுதான் இருந்தேன். வண்டியின் மேல்வேலை அவருக்கு, உள்பக்கமும் கண்ணாடியும் எனக்கு.

அந்தத் தொழிலுக்குத் தனிப் பஞ்சாங்கம் உண்டு. மாசி, பங்குனியில் பருத்தி வியாபாரிகளின் கார்கள் இண்டு இடுக்கெல்லாம் பஞ்சு ஒட்டிக்கொண்டு வரும். சித்திரையில் கார் வரும், தண்ணீர் இருக்காது. கிணற்றடியில் மிஞ்சிக் கிடப்பது உப்புத் தண்ணீர். கறுப்புப் பெயின்ட் மேல் காய்ந்தால் தேமல் மாதிரி படரும். ஆடியில் கல்யாணம் கிடையாது, டாக்ஸிகள் எட்டிப் பார்க்கா. ஐப்பசி, கார்த்திகை மழையில் எங்களுக்குச் சோறு போடுவது கரிசல்தான். சக்கரத்துக்கு மேலே அப்பிக்கொண்ட கரிசல் காய்ந்தால் கல். சுரண்டினால் பெயின்டும் சேர்ந்து வரும். நனைத்த சாக்கைப் போர்த்தி, அதுவாக இளகும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். மார்கழியில் தொழில் மறுபடி படுத்துவிடும். அப்புறம் தை முதல் முகூர்த்தத்துக்கு முன்னால் எல்லாக் கல்யாண டாக்ஸிகளும் ஒரே நேரத்தில் வந்து நிற்கும்.

ஒரு கார்த்திகையில், மழை வெறித்த காலை, கறுப்பு டாக்ஸி ஒன்று வந்தது. ஓட்டுபவரே சொந்தக்காரர். நாற்பது வயதிருக்கும், ஊரே அவரைப் பாய் என்று கூப்பிடும். வழக்கமாக வண்டி நிற்கும் முன்பே வம்பிழுக்க ஆரம்பித்துவிடுவார். அன்று இறங்கினார், பின்கதவைத் திறந்துவிட்டார், தள்ளிப் போய் ரோட்டைப் பார்த்து நின்றுகொண்டார்.

பின்சீட்டின் வெள்ளை உறை முழுவதும் இரத்தம்.

"விளாத்திகுளம் பக்கம் ஒரு பிரசவக் கேசு," என்றார். "ஓடைக்குள்ள சக்கரம் பொதைஞ்சு போச்சு. ஆள் பிடிச்சுத் தள்ளி, கரையேத்தி, ஆஸ்பத்திரி வாசலுக்கு வாரதுக்குள்ள ரெண்டு உசுரும் போயிட்டு."

அத்தான் சாக்கை நனைக்கப் போனார்.

பாய் என் பக்கம் வந்தார். "தம்பி, வெளிய மூச்சு விட்ராதீங்க. தை மொத முகூர்த்தத்துக்கு இதத்தான் பொண்ணு வண்டியாப் பேசி வச்சிருக்காவ. பிள்ளத்தாச்சி செத்த பிளசர்ல எவன் தன் மகள ஏத்துவான்? ஒரு வீடு வேண்டாம்னா ஊரே வேண்டாம்னுரும்."

அது மிகையில்லை. அந்த வண்டியை விட்டால் அவருக்கு வேறு பிழைப்பு இல்லை. தையிலும் பங்குனியிலும் ஓடினால்தான் ஆடியிலும் அடுப்பெரியும்.

உறையை அலசி அலசி, தண்ணீர் தெளிந்த பிறகும் அலசினேன். கண்ணாடிகளை ஈரத்துணியால் துடைத்து, பழைய செய்தித்தாளைக் கசக்கித் தேய்த்தேன். சீட்டுக்குள் இறங்கிய ஈரம் மட்டும் காயவில்லை.

மார்கழியில் சவாரி இல்லாததால் பாய் வண்டியை எங்கள் கொட்டகையிலேயே விட்டிருந்தார். ஒரு விடியலில் கண்ணாடிகளின் உட்புறம் பனி படிந்திருந்தது. இடது பின்கதவுக் கண்ணாடியில் மட்டும், அந்தப் பனிக்குள், ஒரு கை. ஐந்து விரலும் உள்ளங்கையும், உள்ளேயிருந்து வெளியே பார்த்துப் பதிந்திருந்தன. மணிக்கட்டுக்குக் கீழே ஒரு இழுப்பு.

"ஏ மாப்ள, கண்ணாடிய ஒழுங்காத் தொடைக்கலையா?" என்றார் அத்தான். அப்புறம் அவரும் பார்த்தார்.

துடைத்தேன். மறுநாள் விடியலில் கை அதே இடத்தில் இருந்தது. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தேன், சோப்புப் போட்டுத் துடைத்தேன். வெயில் வந்தால் கண்ணாடி பளிங்கு. பனி விழுந்தால் கை. நெய்ப்பசை பட்ட கண்ணாடியில் பனி ஒட்டாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கதவைத் திறந்து உள்ளே கை நீட்டும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

'மார்கழியில ஒங்க கொட்டகையில ஈயாவது குளிக்குதா?' என்று கேலி பேசுகிற பாய், அந்த மார்கழியில் வெயில் ஏறும் முன்பே வந்து, தூரத்தில் நின்று ஒன்றே ஒன்றுதான் கேட்பார்.

"இன்னைக்கும் வந்துட்டாளா?"

ஓட்டும்போது பின்னால் பார்க்கிற சிறு கண்ணாடியை அவர் கூரையைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தார்.

மார்கழிக் கடைசியில் மற்ற டாக்ஸிகளும் வரத் தொடங்கிவிட்டன. அப்படி ஒரு காலையில் இரண்டு டிரைவர்கள் எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். தலையில் துண்டைச் சுற்றிய ஓர் இளவட்டம் கொட்டகைக்குள் வந்தான். காலெல்லாம் புழுதி, மேலெல்லாம் ஆட்டு வாடை. அவனைக் கண்டதும் பாயின் முகம் வெளுத்தது. செத்துப்போனவளின் புருஷன்.

"ஆட்டுச் சந்தைக்கு வந்தேன். வண்டிய ஒருக்கப் பாத்துட்டுப் போறேன், பாய்," என்றான்.

"மெதுவாப் பேசுங்க தம்பி," என்றார் பாய், டீக்கடையைப் பார்த்தபடி. "கல்யாணத்துக்குப் போற வண்டி. என் பிழைப்பே இதுலதான் கெடக்கு."

"எனக்கு எதுக்கு ஒங்க பிழைப்பக் கெடுக்கணும்?"

வெயில் இன்னும் வரவில்லை. அவன் இடது பின்கதவுக்கு எதிரே போய் நின்றான். உள்ளே இருந்த கை அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் என் கையிலிருந்த துணியை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

"இது அவ கை இல்ல," என்றான். "எங் கை."

வலது கையைத் தூக்கிக் காட்டினான். சுண்டுவிரல் மற்ற விரல்களை விட்டு வெளிப்பக்கம் கோணிக்கொண்டிருந்தது. "கெடா முட்டி ஒடைஞ்சது." கண்ணாடியிலும் சுண்டுவிரல் அப்படித்தான் தனியே விலகி நின்றது. அத்தனை விடியலிலும் நாங்கள் அதைப் பார்த்தோம். வலியில் விரிந்த விரல் என்று நினைத்திருந்தோம்.

"காட்டுல ரெண்டு பேரு நின்னாவ. தள்ள வாங்கன்னு கண்ணாடியப் போட்டு அடிச்சேன். அவ வவுத்துல வெளக்கெண்ண தடவிக்கிட்டு வந்த கை."

"அப்ப அவ கை?" என்றார் பாய்.

"அது ரெண்டும் என் எடது கையிலதான் இருந்துச்சு. அவ வண்டியில எதையும் தொடல, பாய். அவளோடது ஏதாச்சும் இருக்குமான்னுதான் வந்தேன்."

பாய் காரின் மேல் சாய்ந்துகொண்டார். பயம் விட்ட மனிதனின் முகமாக இல்லை அது. "ஏறுங்க தம்பி," என்றார். "ஊர்ல கொண்டு விட்டுட்டு வாரேன்."

"வேண்டாம். நல்ல காரியத்துக்குப் போற வண்டியில நான் ஏறக் கூடாது." காரைத் தொடாமல் பின்னால் நகர்ந்தான். பிறகு என்னிடம் திரும்பினான். "அண்ணாச்சி, அன்னைக்கிக் கழுவுன தண்ணி எங்கன போச்சு?"

அதை என்னிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை. கொட்டகைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனேன். வாய்க்கால் என்று சொல்ல முடியாத ஒரு சால், கொஞ்ச தூரம் வடக்கே ஓடி, ஒரு பள்ளத்தில் முடிந்திருந்தது. அங்கிருந்து தண்ணீர் எங்கும் போவதில்லை. கரிசல் குடித்துவிடும். அத்தான் சாக்குகளைக் காயப்போடுவது அதன் கரையில்தான்.

அவன் குத்தவைத்து உட்கார்ந்து, பள்ளத்து ஓரத்தில் ஒரு பிடி மண் அள்ளித் துண்டின் முனையில் முடிந்துகொண்டான். எங்களிடம் சொல்லிக்கொள்ளாமல் ரோட்டில் இறங்கி நடந்தான். டீக்கடைக்காரர் யார் என்று கேட்டார். "ஆட்டுச் சந்தைக்கு வந்தவன்," என்றார் அத்தான்.

பாய் மறுநாள் மண்வெட்டியோடு வந்தார். கொட்டகைத் தரையிலிருந்து தெற்குப் பக்கம் வெட்டத் தொடங்கினார்.

"அங்கன மேடுல்லா பாய், தண்ணி போகாது," என்றார் அத்தான்.

"ஆழமா வெட்டுனாப் போகும். வடக்க இனி விட வேண்டாம்."

இன்னொரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அத்தானும் இறங்கினார்.

முதல் முகூர்த்தத்துக்குக் கறுப்பு டாக்ஸி பூச்சரம் கட்டிக்கொண்டு போயிற்று. பெண்ணை இடது பக்கம்தான் உட்கார வைத்தார்களாம். வெயில் ஏறிவிட்டதால் கண்ணாடி சுத்தமாக இருந்தது என்று பாய் சொன்னார். அந்தத் தையில் வண்டிகள் ஓயவில்லை. கழுவிய தண்ணீரெல்லாம் தெற்கே போயிற்று. வடக்குப் பள்ளம் பங்குனிக்குள் காய்ந்து, ஒரு கை நுழையும் அளவுக்கு வெடித்தது. அத்தான் அதன் கரையில் சாக்கு காயப்போடுவதை நிறுத்தியிருந்தார். அவரிடம் யாரும் சொல்லவில்லை.