நாங்கள் விற்ற கம்ப்யூட்டர் உதிரிகள்

கம்ப்யூட்டரைப் பாகம் சேர்த்துப் பூட்டாமல், உதிரிகளாகவே விற்கலாம் என்பது என் அண்ணனின் யோசனை. ஒரு போர்டு, ஒரு கவர் நிறைய உதிரிகள். வாங்குகிறவர் தானே சால்டரிங் செய்து, வீட்டு டீவியில் மாட்டி ஓட்டிக்கொள்ள வேண்டும். அவன் அப்போது சங்கரன்கோவிலில் எலெக்ட்ரானிக் சாமான்கள் பழுதுபார்த்துக்கொண்டிருந்தான். நான் பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்தேன். போர்டை அவன் வரைந்தான். அதைப் பூட்டுவது எப்படி என்று தமிழில் ஒரு புத்தகம் நான் எழுதினேன். எந்த உதிரியின் கால் போர்டில் எந்த ஓட்டைக்குள் போகும், புகை வந்தால் முதலில் எதைப் பிடுங்க வேண்டும் என்பது வரை எழுதினேன். அதற்காக வேலையையும் விட்டேன்.

முதலில் வாங்கியவர்களில் கடையநல்லூர்ப் பெண் ஒருத்தி. கணவர் துபாயில். அவள் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. நாலாம் நாள் போன் செய்தாள். “டீச்சர், டீவியில எழுத்து வருது.” பிறகு தயங்கித் தயங்கி, பதினோராம் பக்கப் படத்தில் டயோடு தலைகீழாக இருப்பதாகச் சொன்னாள். தப்பு என்னுடையது. அவளே கண்டுபிடித்துத் திருப்பி வைத்திருக்கிறாள். அன்றைய சந்தோஷம் அதன்பின் எனக்கு வாய்க்கவில்லை.

அடுத்த வருஷம் ஒரு தனியார் பள்ளி மொத்தமாகக் கேட்டது. பூட்டியே தர வேண்டும், புத்தகம் இங்கிலீஷில் இருக்க வேண்டும். அண்ணன் என்னைக் கேட்காமலே சம்மதித்துவிட்டான். அச்சகத்திலிருந்து வந்த புத்தகத்தின் புது இங்கிலீஷ் அட்டையைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது.

“தமிழ்ல இருந்தா மட்டமான சாமான்னு நெனைக்காங்க, நான் என்ன செய்ய?” என்றான்.

ஆட்கள் தாங்களே பூட்டிப் பழகத்தானே ஆரம்பித்தோம் என்று கேட்டேன்.

“ஏட்டி, ஒன் புத்தகத்துக்காக ஒருத்தரும் வாங்கல.”

மறுவாரம் விலகினேன். பழைய வேலை கிடைக்கவில்லை, டியூஷன் எடுத்தேன். அவன் கம்பெனியைக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனான். நன்றாகவே நடக்கிறது.

போன வருஷம் அந்தக் கடையநல்லூர்ப் பெண் பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்தாள். போர்டை ஒரு துண்டில் சுற்றி வைத்திருந்தாள். சிப் ஒன்று எரிந்துவிட்டது. கம்பெனிக்கு எழுதினால், அந்த மாடலை நிறுத்தியாயிற்று என்று பதில். நான் அண்ணனுக்குப் போன் போட்டேன். சிப் இல்லை, புதுசையே சும்மா அனுப்புகிறேன் என்றான். அனுப்பவும் செய்தான்.

அதை வாங்கிப்போக அவள் மறுபடி வந்தாள். வழவழவென்று மூடிய பெட்டி. ஸ்குரூ எங்கே என்று அடியில் திருப்பித் திருப்பித் தேடினாள். திறந்தால் வாரண்டி கிடையாது என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

“இதுல நான் செய்ய என்ன டீச்சர் இருக்கு?” என்றாள். பெட்டியை மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

இதை அண்ணனிடம் சொன்னேன். சும்மா கொடுத்ததற்கும் குறையா என்று கேட்டான். அவனுக்கு உண்மையிலேயே புரியவில்லை. இப்போது கல்யாண வீடுகளில் பார்த்தால் மழையைப் பற்றிப் பேசிக்கொள்கிறோம்.